'இதர' என்ற வகை: கொள்முதல் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிறுவனம் வாங்குவதையெல்லாம் வகைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வகையின் கொள்முதலையும் தனியாகத் திட்டமிட்டு நடத்துவதுதான் கேட்டகரி மேனேஜ்மென்ட். அந்தப் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: சென்ற ஆண்டு எதற்கு, யாரிடம், எவ்வளவு செலவிட்டீர்கள் என்ற பட்டியல் கையில் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. நோட்டும் பேனாவும் இருக்கும். இப்படி வெறுங்கையோடு வந்து உட்காருவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

பயிற்சியாளர் தரும் மாதிரி நிறுவனத்தின் கணக்கு சுத்தமாக இருக்கும். பாடத்துக்காகவே செய்த கணக்கு அது. உண்மையான கணக்கு வேறு. ஒருமுறை ஒருவர் தம் நிறுவனத்தின் செலவு விவரத்தை எக்செல் கோப்பாகவே கொண்டுவந்திருந்தார். தொகைவாரியாக அடுக்கினோம். மூன்றாவது இடத்தில் நின்ற வகையின் பெயர் 'இதர'. அறை முழுக்கச் சிரிப்பு. அதைப் பிரிக்க உட்கார்ந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. பெயரில் ஒரு புள்ளி கூடியதாலும், கடைசியில் 'அண்ட் கோ' விடுபட்டதாலும் ஒரே சப்ளையர் மூன்று பேராகப் பதிவாகியிருந்தார். கையுறை ஒரு கிளையில் பாதுகாப்புச் சாதனம், இன்னொன்றில் துப்புரவுப் பொருள், மற்றதில் 'இதர'. ஒரே கையுறைக்கு ஒவ்வொரு கிளையும் தனித்தனியாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தது.

இதைச் சரிசெய்யக் கணக்குத் துறையின் தலைப்புகளை அப்படியே வகைகளாக எடுத்துக்கொள்கிறார்கள் சிலர். அதுவும் பிசகு. கணக்குத் தலைப்பு தணிக்கையாளருக்காக உண்டானது. கொள்முதல் வகையோ வெளியே இருக்கும் சந்தையைப் பார்த்து அமைய வேண்டியது. விளம்பரத் துண்டறிக்கையும் அலுவலகப் படிவமும் பேரேட்டில் வேறு வேறு பக்கங்களில் இருக்கலாம். அச்சகம் ஒன்றுதானே?

அடுத்து, வாங்கும் பொருள்களைத் தரம்பிரிக்க எல்லோருக்கும் பிடித்த கட்டப்படம். மேலாண்மை ஆலோசகர் பீட்டர் கிராலிச் 1983இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் முன்வைத்தது. ஒரு பக்கம் லாபத்தின் மீதான தாக்கம், மறுபக்கம் கிடைப்பதில் உள்ள அபாயம். நடுவில் நான்கு அறைகள். பயிற்சியில் ஒட்டுத்தாள்களில் பொருள்களை எழுதி அறைகளில் ஒட்டச் சொல்வார்கள். விலை குறைந்த பொருள் எல்லாம் தானாகவே 'சாதாரணம்' என்ற அறைக்குப் போய்விடும். அபாயத்தை யாரும் பார்ப்பதில்லை.

1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானில் ஐசின் செய்கி நிறுவனத்தின் கரியா ஆலையில் தீப்பிடித்தது. டொயோட்டா கார்களின் பிரேக் அமைப்பில் பொருத்தும் பி-வால்வு ஏறக்குறைய முழுவதும் அங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. கைக்குள் அடங்குகிற, விலை மலிவான பாகம். அது வராததால் ஜப்பானிலிருந்த டொயோட்டா ஆலைகள் ஏறக்குறைய எல்லாமே சில நாட்கள் நின்றன. மீண்டதும் சப்ளையர்களால்தான். பல நிறுவனங்கள் வரைபடத்தை வாங்கித் தங்கள் இயந்திரங்களிலேயே வால்வு செய்யத் தொடங்கின. தையல் இயந்திரத்துக்குப் பேர்போன பிரதர் நிறுவனமும் அவற்றுள் ஒன்று. இந்தக் கதையைச் சொன்ன பிறகு ஒட்டுத்தாள்களை மறுபடி ஒட்டச் சொன்னால், குறைந்தது நாலைந்தாவது இடம் மாறுகிறது.

இன்னொன்றும் கட்டத்தில் தெரியாது. உங்களைச் சப்ளையர் எந்த அறையில் வைத்திருக்கிறார்? அவருடைய விற்பனையில் உங்கள் பங்கு அரை சதவீதம் என்றால், 'எங்களுக்குப் பேரம்பேசும் பலம் அதிகம்' என்று நீங்கள் தாளில் எழுதியதற்கு அர்த்தமில்லை. அவர் உங்கள் போனை எடுப்பதே தயவில்தான்.

விலையையே செலவு என்று நினைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லாப் பயிற்சியிலும் சொல்கிறார்கள், எல்லோரும் தலையாட்டுகிறார்கள். நாள் முழுக்க ஓடும் ஒரு பம்பை வாங்கிய விலையையும், அது தன் ஆயுளில் குடிக்கும் மின்சாரத்தின் விலையையும் ஒருமுறை தாளில் கூட்டிப் பார்த்தவர் மறப்பதில்லை. தலையாட்டியவர் மறந்துவிடுவார்.

ஸ்ட்ராட்டஜிக் சோர்சிங்கையும் கேட்டகரி மேனேஜ்மென்ட்டையும் ஒன்றாகக் குழப்புவது இன்னும் ஆழமான தவறு. முன்னது தொடக்கமும் முடிவும் உள்ள வேலை: தேவையை அலசி, சந்தையை ஆராய்ந்து, டெண்டர் விட்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது. பின்னது கையெழுத்துக்குப் பிறகும் ஓடுகிறது. கையெழுத்தான அன்றே சேமிப்பை அறிவித்துக் கைதட்டல் வாங்குகிறார்கள். விலை 8 சதவீதம் குறைந்திருக்கலாம். ஆனால் ஆர்டர்களில் 60 சதவீதம்தான் புதிய ஒப்பந்தத்தின் வழியாகப் போகிறது, மீதி பழைய பழக்கத்தில் பழைய கடைக்கே போகிறது என்றால், கைக்கு வருவது 4.8 சதவீதம். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டாத பயிற்சி அரைப் பயிற்சி.

அந்த 40 சதவீதத்தை வெளியே அனுப்புவது யார்? பொருளைப் பயன்படுத்தும் துறையினர். அவர்களைத்தான் பயிற்சிக்கு யாரும் அழைப்பதில்லை. பொறியாளர் ஸ்பெசிஃபிகேஷனில் ஒரு பிராண்ட் பெயரை எழுதிவிட்டால், அதற்குப் பிறகு ஐந்து கொட்டேஷன் வாங்குவது வெறும் சடங்கு. கொள்முதல் அதிகாரிக்கு எத்தனை நாள் பேச்சுவார்த்தைக் கலை சொல்லிக்கொடுத்தாலும் அந்த ஒரு வரியை அவரால் அழிக்க முடியாது. ஒரு நாளாவது இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டும். வாங்குபவர், விற்பவர் வேடமிட்டுப் பேரம் பேசும் பேச்சுவார்த்தை நாடகத்தைப் பயிற்சியில் நடத்துவதில் எனக்குக் கொஞ்சம் சலிப்பு உண்டு என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். நன்றாக நடிப்பவர் ஜெயிக்கிறார். தயாரித்து வந்தவர் அல்ல.

கடைசியாக, பயிற்சியை அளக்கும் விதம். பயிற்சி மதிப்பீட்டுக்குப் பேர்போன அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இலேயே நான்கு படிகள் சொன்னார்: பிடித்திருந்ததா, கற்றார்களா, வேலையில் மாறினார்களா, பலன் வந்ததா. பெரும்பாலான நிறுவனங்கள் முதல் படியிலேயே படிவத்தை மூடிவிடுகின்றன. சாப்பாடு நன்றாக இருந்தால் மதிப்பெண்ணும் நன்றாக இருக்கும்.

நான் இப்போது கடைசி ஒரு மணி நேரத்தில் கருத்துப் படிவம் தருவதில்லை. ஒவ்வொருவரும் தம் வகையில் 90 நாட்களுக்குள் முடிக்கப்போகும் ஒரே ஒரு வேலையை எழுதி, மேலாளரின் கையெழுத்துக்கு எடுத்துப்போகிறார்கள். 'இதர'வோடு வந்தவர் எழுதியது ஒரே வரி: "கையுறை: எல்லாக் கிளைகளுக்கும் ஒரே பெயர், ஒரே குறியீடு, ஒரே ஒப்பந்தம்."