பெயர் ஒன்று, ஆள் வேறு: இங்கிலாந்தின் பழைய தேவாலயப் பதிவேடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் ஊர்த் தேவாலயங்கள் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிந்து வைக்க வேண்டும் என்று 1538இல் மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஆணையிட்டார். அரசுப் பதிவு 1837 ஜூலையில்தான் தொடங்கியது. இடைப்பட்ட முந்நூறு ஆண்டுகளில் ஓர் எளிய உழவர் குடும்பத்தின் தடம் வேண்டுமென்றால், பெரும்பாலும் இந்த ஏடுகள்தான் கதி.

பலரும் சறுக்குவது பெயரில். ஜான், வில்லியம், தாமஸ் என்று ஒரு கைப்பிடிப் பெயர்களைத்தான் ஊர் முழுக்க வைத்தார்கள். தேடிய பெயர் கிடைத்ததும் 'இவர்தான் நம் ஆள்' என்று எழுதிவிடாதீர்கள். முதலில் அடக்கப் பதிவைப் புரட்டுங்கள். அந்தக் குழந்தை இரண்டு வயதிலேயே போய்ச் சேர்ந்திருக்கலாம். அடுத்து பிறந்த பிள்ளைக்கு அதே பெயரை வைப்பதும் அன்று வழக்கம்தான். இதைப் பார்க்காமல் விட்டால், இறந்துபோன குழந்தைக்குப் பேரன் பேத்திகள் வரை எழுதிவிடுவோம். அந்தக் குழந்தைக்கென்று உலகில் மிஞ்சியது அந்த ஒற்றை வரிதான். அதையாவது படிக்க வேண்டாமா?

அடுத்தது ஆண்டுக் கணக்கு. 1752க்கு முன்பு அங்கே ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். பெற்றோரின் கல்யாணம் 1720 ஏப்ரல், மகளின் ஞானஸ்நானம் 1720 பிப்ரவரி என்று ஏட்டில் இருந்தால் பதற வேண்டாம். அந்தப் பிப்ரவரி, கல்யாணம் முடிந்து பத்து மாதம் கழித்து வந்தது. நம் கணக்கில் 1721. குறிப்பெடுக்கும்போது 1720/21 என்றே எழுதுங்கள்.

ஞானஸ்நானத் தேதியைப் பிறந்த தேதியாகக் கொள்ளக் கூடாது. எழுத்துக்கூட்டலையும் நம்ப முடியாது. எழுதியவர் காதில் விழுந்தபடிதான் எழுதினார். லத்தீனில் எழுதிய ஏடு என்றால் ஜேம்ஸ் அங்கே 'யாக்கோபுஸ்' ஆகியிருப்பார். ஆகவே இணையத் தேடலோடு நிற்காமல் மூல ஏட்டின் படத்தையும் பாருங்கள்.

சரி, பெயரே இல்லையென்றால்? உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1640களில், பல ஊர்களில் பதிவே ஒழுங்காக நடக்கவில்லை. பேராயருக்கு ஆண்டுதோறும் அனுப்பிய நகல்கள் எஞ்சியிருந்தால், ஏடு தொலைந்த ஊர்களுக்கு அவை கைகொடுக்கும். குடும்பம் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்ததாக இருந்தால் குழந்தை ஞானஸ்நானமே இருக்காது. ஆனால் 1754 முதல் 1837 வரை குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், யூதர்கள் தவிர மற்றவர்களின் திருமணம் ஆங்கிலிக்கன் தேவாலயத்தில் நடந்தால்தான் செல்லும். அங்கே தேடுங்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்குக் கப்பலேறிய மகனின் அடக்கத்தைச் சொந்த ஊரில் தேடிப் பயனில்லை. சென்னைக் கோட்டையின் புனித மேரி ஆலயத்தில் அவர் பெயர் இருக்கலாம். சென்னையிலிருந்து லண்டனுக்கு அனுப்பிய பதிவேட்டு நகல்கள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.