வளர்ந்த மகன் முகம் கொடுக்காவிட்டால்

நீங்கள் விரும்பிப் பழகுகிற பெண்ணின் வளர்ந்த மகன் உங்களைக் கண்டதும் எழும்பிப் போகிறானா? உடுப்பு, போன் என்று வாங்கிக் கொடுக்காதீர்கள்; அவனுக்குக் கைவந்த ஒரு வேலையில் உதவி கேளுங்கள். கிளிநொச்சிப் பக்கம் என்றால் இறைக்கிற மிசினே போதும்: "தம்பி, மிசின் ஓடுது, தண்ணி இழுக்குதில்லை. புட்வால்வோ தெரியாது, ஒருக்காப் பாக்கிறீரோ?"

வாங்கிக் கொடுத்த சாமானை அவன் தாய்க்குப் பேசிய விலையாகத்தான் பார்ப்பான். மிசினுக்கு முன்னால் குந்தினால் முகம் பார்க்கத் தேவையில்லை, விஷயம் தெரிந்தவனும் அவன்தான். வொஷர் காசு உங்களுடையது. கழற்றுவதில் மட்டும் கை வைக்க வேண்டாம். (தகப்பன் இருந்த கதிரையிலும் இருக்காதீர்கள்.)

தகப்பன் காணாமல் ஆக்கப்பட்டவர் என்றால் இது சரிவராது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் போராட்டம் தொடங்கிய குடும்பங்களைப் போல அவனும் இன்னும் தேடிக்கொண்டிருக்கலாம். அங்கே தாய்தான் முதலில் பேச வேண்டும். கோபம் பேமிற் காணியை (அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியை) பற்றியது என்றாலும் மிசின் உதவாது. பின்னுரித்தாளராக, அதாவது அடுத்ததாகக் காணி சேரவேண்டியவராக, யாரின் பெயர் பதிந்திருக்கிறது என்று தாயும் மகனும் பிரதேச செயலகத்தில் போய்ப் பார்க்கட்டும். நீங்கள் கூடப் போகாதீர்கள்.