கோடை வேலை முடிந்ததும் ஐரோப்பாவை ரயிலில் சுற்றப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

ஜெர்மனியில் படித்த காலத்தில் இரண்டு கோடை விடுமுறைகளில் வேலை பார்த்தேன். முதல் கோடையில் வேலை முடிந்த மறுநாள் காலையிலேயே ரயில் ஏறிவிட்டேன். நான்காம் நாள் வெனிஸின் சாந்தா லூசியா நிலையப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணெதிரே பெரிய கால்வாய், படகுகள், வெயில். நானோ கடைசி மாதச் சம்பளம் ஏன் வரவில்லை என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். மாதக் கட்டணம் மிச்சமாகுமே என்று, சம்பளம் வரும் வங்கிக் கணக்கைக் கிளம்பும் வாரத்தில் மூடியிருந்தேன். பணம் போய்த் திரும்பி வந்திருக்கிறது. அதைச் சரிசெய்ய ஐந்து வாரம் ஆனது. கையிருப்பு குறைந்ததால் ரோம் போகாமலே திரும்பினேன்.

பிறகு பல மாணவர்கள் இப்படிக் கிளம்புவதைப் பார்த்திருக்கிறேன். ரயிலில் நடக்கும் சிக்கல்களைவிட, வேலையின் கடைசி இரண்டு வாரத்தில் விட்டுவைத்த சிக்கல்கள்தான் பயணத்தை அதிகம் கெடுக்கின்றன. அதனால் முதல் பாதியை வேலைக்கே ஒதுக்குகிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது ஜெர்மனி என்பதால் வேலை விதிகளை அந்த நாட்டை வைத்தே சொல்கிறேன். மற்ற நாடுகளில் விவரம் மாறும், கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான்.

வாட்ஸ்அப்பில் வேலையை விடுவது

"வெள்ளிக்கிழமையோடு நிறுத்திக்கொள்கிறேன்" என்று மேலாளருக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டு, விஷயம் முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ஜெர்மனியில் அது செல்லாது. வேலையை விடுவதாக இருந்தாலும் வேலையிலிருந்து நீக்குவதாக இருந்தாலும், தாளில் எழுதி, பேனாவால் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். மின்னஞ்சலும் போதாது. ஒரு பிரதி எடுத்து, பெற்றுக்கொண்டதாக அதில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அறிவிப்புக் காலமும் உண்டு. பொது விதிப்படி நான்கு வாரம், அதுவும் மாதத்தின் 15ஆம் தேதியிலோ கடைசி நாளிலோ முடிய வேண்டும். தகுதிகாண் காலத்தில் இருந்தால் இரண்டு வாரம். ஆனால் கோடை வேலை ஒப்பந்தங்களில் பெரும்பாலும் முடியும் தேதியே எழுதப்பட்டிருக்கும். அப்படியானால் கடிதம் எதுவும் தேவையில்லை, அந்தத் தேதியில் வேலை தானாக முடிந்துவிடும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், அந்தத் தேதிக்கு முன்பே கிளம்ப நினைக்கும்போது. இடையில் விடலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தால் சரி. இல்லையென்றால் இருதரப்பும் சம்மதித்து எழுத்தில் முடித்துக்கொள்ள வேண்டும். ஆகவே ரயில் டிக்கெட் வாங்குவதற்கு முன் ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை படியுங்கள். தேதியைத் தப்பாக நினைத்துக்கொண்டு பணம் திரும்பி வராத டிக்கெட்டை வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

எடுக்காத விடுப்பை மறந்துவிடுவது

இதை ஏன் யாருமே சொல்லித் தருவதில்லை என்று எனக்கு இன்றும் வருத்தம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி எல்லாத் தொழிலாளர்களுக்கும் ஆண்டுக்குக் குறைந்தது நான்கு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. கோடைக்கு மட்டும் வந்த மாணவரும் தொழிலாளர்தான். ஜெர்மனியில் முழுதாக வேலை செய்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஆண்டு விடுப்பில் பன்னிரண்டில் ஒரு பங்கு சேரும். வாரத்தில் ஐந்து நாள் வேலை, மூன்று மாதம் பார்த்தீர்கள் என்றால் குறைந்தது ஐந்து நாள் விடுப்பு உங்களுடையது. எடுக்கவில்லையென்றால், வேலை முடியும்போது அதைப் பணமாகத் தர வேண்டும். கடைசிச் சம்பளச் சீட்டில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். ஐந்து நாள் சம்பளம் ஐரோப்பாவில் பல ரயில் பயணங்களுக்குக் காணும்.

வரியும் இதே கதைதான். கோடை மாதங்களில் சம்பளம் கொஞ்சம் உயர்ந்தால் வரி பிடிப்பார்கள். ஆனால் ஆண்டு முழுவதற்குமான வருமானத்தை வைத்துத்தான் கணக்கு. 2025ஆம் ஆண்டுக்கு 12,096 யூரோ வரை வருமான வரி கிடையாது. அங்கேயே வசிக்கும் மாணவரின் மொத்த வருமானம் அதற்குள் இருந்தால், பிடித்த வருமான வரி கணக்குத் தாக்கல் செய்தபின் திரும்பிவரும். தாக்கல் செய்ய நான்கு ஆண்டு அவகாசம் இருக்கிறது. அதற்கு நிறுவனம் தரும் ஆண்டுச் சம்பளச் சான்று வேண்டும். அது பழைய முகவரிக்குப் போய்விடாதபடி, கடைசி நாளுக்கு முன்பே புதிய முகவரியைக் கொடுத்துவிடுங்கள். வேலைச் சான்றிதழையும் அப்போதே கேட்டுவிடுங்கள். உங்கள் முகம் அவர்களுக்கு நினைவிருக்கும்போது எழுதும் சான்றிதழ் நன்றாக இருக்கும்.

அப்புறம், மாதா மாதம் பணம் எடுக்கும் சந்தாக்கள். உள்ளூர், வட்டார ரயில்களுக்கான ஜெர்மனி டிக்கெட்டும் ஒரு சந்தாதான். மாதத்தின் 10ஆம் தேதிக்குள் நிறுத்தச் சொன்னால்தான் அந்த மாதக் கடைசியோடு நிற்கும். 11ஆம் தேதி நினைவு வந்தால் இன்னொரு மாதப் பணம் போகும்.

"பயணச் செலவுக்கு இன்னும் இரண்டு வாரம் வேலை பார்த்துக்கொள்கிறேன்" என்று நீட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த மாணவர்களுக்கு 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள்தான் அனுமதி. நாள்களை நீங்களே எழுதி வையுங்கள்.

விசா கணக்கை ஊகத்தில் போடுவது

ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்கு ஷெங்கன் என்று பெயர். உங்களிடம் ஷெங்கன் நாடு ஒன்றின் குடியிருப்பு அனுமதி அட்டை இருந்தால் நல்லது. அந்த நாட்டில் இருக்கும் நாள்கள் கணக்கில் வராது. மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாள்களை எடுத்தாலும் 90 நாள் வரை சுற்றலாம். அட்டை பயணம் முடியும்வரை செல்லுபடியாக வேண்டும், அவ்வளவுதான்.

குறுகிய கால விசாவில் வேலைக்கு வந்தவர்களின் நிலை வேறு. வேலை பார்த்த நாள்களும் அதே 90க்குள்தான் அடங்கும். 85 நாள் பழம் பறித்துவிட்டு மூன்று வாரம் சுற்றலாம் என்று நினைத்தால் முடியாது. முன்பு கடவுச்சீட்டில் முத்திரைகளை எண்ணினார்கள். 2025 அக்டோபர் 12 முதல், குறுகிய காலம் தங்க வருபவர்களின் வரவையும் வெளியேற்றத்தையும் கணினியில் பதியத் தொடங்கிவிட்டார்கள். ஒரு நாள் கூடினாலும் தெரிந்துவிடும்.

வரைபடத்தில் பக்கத்தில் இருப்பதால் எல்லாம் ஷெங்கன் என்று எண்ணிவிடாதீர்கள். குரோவேஷியா 2023இல் சேர்ந்துவிட்டது. ருமேனியா, பல்கேரியா நில எல்லைகளில் 2025 ஜனவரியில்தான் சோதனை நீங்கியது. செர்பியா, போஸ்னியா, பிரிட்டன் வெளியே. ஒருமுறை மட்டும் நுழையும் விசா வைத்திருப்பவர் செர்பியாவின் பெல்கிரேடைப் பார்க்கப் போனால் ஹங்கேரியின் புடாபெஸ்ட்டுக்குத் திரும்ப முடியாது.

ஷெங்கனுக்குள்ளேயும் கடவுச்சீட்டையும் அனுமதி அட்டையையும் கையில் வைத்திருங்கள். ஜெர்மனி 2024 செப்டம்பரில் தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைக் கொண்டுவந்தது. ரயிலுக்குள் போலீசார் வந்து கேட்பார்கள். போனில் இருக்கும் புகைப்படத்தைக் காட்டினால் ஏற்க மாட்டார்கள்.

தவறான பாஸை வாங்குவது, பாஸ் இருந்தால் போதும் என்று நம்புவது

பல நாட்டு ரயில்களில் ஏற உதவும் பாஸ்கள் இரண்டு இருக்கின்றன. ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில், வெளியிலிருந்து வருபவர்களுக்கு யூரெயில். எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்பது பொருட்டல்ல, முறையாக எங்கே வசிக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. ஜெர்மனியில் குடியிருப்பு அனுமதியோடு படிக்கும் மாணவர் வாங்க வேண்டியது இன்டர்ரெயில். அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு: வசிக்கும் நாட்டுக்குள் வெளியே போக ஒரு பயணம், திரும்பி வர ஒரு பயணம், அவ்வளவுதான் செல்லும். மூனிக்கில் இருப்பவர் ஹாம்பர்க், பெர்லின், கொலோன் என்று சுற்ற அந்தப் பாஸ் உதவாது. 27 வயது வரை இளைஞர் கட்டணம் உண்டு.

இனி, பெரிய ஏமாற்றம் எங்கே வருகிறது என்றால் முன்பதிவில். பாஸ் என்பது பயணக் கட்டணம் மட்டுமே, இருக்கை வேறு. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளுக்குள் ஓடும் பகல் ரயில்களில் பெரும்பாலும் அப்படியே ஏறிவிடலாம். பிரான்ஸின் டிஜிவி, ஸ்பெயினின் ஏவிஇ, இத்தாலியின் ஃபிரெச்சா ஆகிய அதிவேக ரயில்கள், லண்டன் போகும் யூரோஸ்டார், பெரும்பாலான இரவு ரயில்கள் ஆகியவற்றுக்குத் தனியாகப் பணம் கட்டி இடம் பிடிக்க வேண்டும். டிஜிவியிலும் யூரோஸ்டாரிலும் பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் இடங்கள் குறைவு. ரயிலில் இடம் இருக்கும், உங்களுக்கு மட்டும் இருக்காது. ஆகஸ்டில் பாரிஸிலிருந்து பார்சிலோனா போகப் பாஸை நம்பி முந்தின நாள் நிலையத்துக்குப் போவது வீண் அலைச்சல்.

ஆகவே பாஸ் வாங்கும் முன் உங்கள் பாதையை எழுதிப் பாருங்கள். நான்கைந்து பயணம்தான், தேதிகளும் உறுதி என்றால், முன்கூட்டியே வாங்கும் தனி டிக்கெட்டுகள் பலமுறை மலிவாக முடியும். தேதி முடிவாகவில்லை, நடு ஐரோப்பாவில் நிறையச் சுற்றப் போகிறீர்கள் என்றால் பாஸுக்கு ஈடில்லை.

இன்னும் ஒன்று. பாஸில் பயண நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. இரவு ரயிலில் நள்ளிரவுக்கு முன் ஏறி, இடையில் மாறாமல் போனால் ஏறிய நாள் மட்டும்தான் கழியும். காலையில் இறங்கி உடனே இன்னொரு ரயில் பிடித்தால் அடுத்த நாளும் கழிந்துவிடும். ஏறுவதற்கு முன்பே அந்தப் பயணத்தைச் செயலியில் பாஸோடு சேர்த்துவிடுங்கள். பரிசோதகர் வந்தபின் சேர்த்தால் அபராதம்.

வேகமான ரயில்தான் நல்ல ரயில் என்று நினைப்பது

இரண்டு மாதம் நின்றபடி வேலை பார்த்த உடம்பு அது. பத்து நாளில் எட்டு நகரம் என்று போட்டால் நகரங்கள் நினைவில் நிற்காது, லாக்கர் அறைகள்தான் நிற்கும். ஓர் ஊரில் குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். பயணத்தையே பார்க்க வேண்டிய ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். பெர்லினிலிருந்து பிராக் போகும்போது எல்பே ஆறு நெடுநேரம் கூடவே வரும். சுவிட்சர்லாந்தில் பெர்னினா பாதை 2,253 மீட்டர் உயரம் ஏறி இத்தாலியின் திரானோவில் இறங்குகிறது. அதற்குச் சுற்றுலா ரயிலில் இடம் கிடைக்கவில்லை என்று திரும்பிவிடுகிறார்கள். அதே தண்டவாளத்தில் சாதாரண வட்டார ரயிலும் ஓடுகிறது, முன்பதிவு வேண்டாம். எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும்.

சுவிட்சர்லாந்துக்குள் நுழையும் முன் போனில் டேட்டாவை அணைத்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் இருக்கும் கூடுதல் கட்டணமில்லா ரோமிங், சுவிட்சர்லாந்தைக் கட்டுப்படுத்தாது. உங்கள் திட்டத்தில் அந்த நாடு சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கும் இதே எச்சரிக்கை: ஐரோப்பியக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு அந்த அட்டை சுவிட்சர்லாந்து, டென்மார்க், நார்வே போன்ற இடங்களில் செல்லாமல் போகலாம். தனியாகப் பயணக் காப்பீடு எடுங்கள், தொகை பெரிதில்லை.

நிலையத்தில் நடப்பவை

பாரிஸில் ஒரு ரயிலில் இறங்கி இன்னொன்றில் ஏறுவது என்றால் பெரும்பாலும் நிலையமே மாற வேண்டும். கார் து நோர்டில் இறங்கினால் தெற்கே போகும் ரயில் கார் து லியோனில் நிற்கும். நடுவில் குறைந்தது ஒரு மணி நேரம் வையுங்கள். வெனிஸ் என்று டிக்கெட் எடுத்து, நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்ட்ரேயில் இறங்கிவிடுவார்கள். ஃபிராங்ஃபர்ட்டும் இரண்டு உண்டு. மைன் ஆற்றங்கரையில் ஒன்று, போலந்து எல்லையில் ஓடர் ஆற்றங்கரையில் ஒன்று. ஊர்ப் பெயர்களை அந்த ஊர்க்காரர்கள் எழுதுவது போலவே குறித்துக்கொள்ளுங்கள். பலகையில் வியன்னா என்று இருக்காது, வீன் என்றுதான் இருக்கும்.

சில ரயில்கள் வழியில் இரண்டாகப் பிரியும். பெர்லினிலிருந்து மேற்கே வரும் பல ரயில்கள் ஹாம் நிலையத்தில் பிரிந்து வெவ்வேறு பாதையில் போகின்றன. பெட்டியின் பக்கத்தில் எழுதியிருக்கும் ஊரைப் பார்த்து ஏறுங்கள். இத்தாலியில் வட்டார ரயிலுக்குத் தாள் டிக்கெட் வாங்கினால் பிளாட்பாரத்து இயந்திரத்தில் முத்திரை குத்திவிட்டு ஏற வேண்டும். அங்கே வேலைநிறுத்தம் அறிவித்தாலும், வார நாள்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை வட்டார ரயில்களில் குறைந்தபட்சச் சேவை இருக்கும்.

கடைசியாக, தாமதம். ஜெர்மனியில் 2024இல் நீண்ட தூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன. ஆறு நிமிடத்துக்குள் தாமதமானவையும் அதில் அடக்கம். அப்படியிருக்க, ஏழு நிமிடத்தில் அடுத்த ரயில் என்று தனித்தனியாக இரண்டு டிக்கெட் வாங்காதீர்கள். முதல் ரயில் பிந்தினால் இரண்டாவது டிக்கெட் உங்கள் நஷ்டம். ஒரே டிக்கெட்டாக வாங்கியிருந்தால் அடுத்த ரயிலில் அனுப்பிவைப்பது அவர்கள் பொறுப்பு. சேருமிடத்தை ஒரு மணி நேரம் பிந்திச் சேர்ந்தால் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரம் என்றால் 50 சதவீதம் கேட்டு வாங்கலாம். மூன்று மாதத்துக்குள் விண்ணப்பியுங்கள், வேலை பார்த்தபோது வைத்திருந்த அதே வங்கிக் கணக்கின் எண்ணையே கொடுங்கள்.