ரெண்டு நாட்டு பொருளாதாரத்தை ஒப்பிடணுமா? உபரி யார் கைக்கு போகுதுன்னு முதல்ல பாருங்க

முதலாளித்துவமா சோசலிசமான்னு ஆரம்பிச்சா சண்டைதான் மிஞ்சும், அதனால பேரை ஓரமா வச்சிட்டு, செலவெல்லாம் போக நாட்டுல மிஞ்சுற உபரி முதல்ல யார் கையில வந்து விழுதுன்னு பாருங்க.

எண்ணெயையே எடுத்துக்கோங்க. நார்வேல எண்ணெய் கம்பெனி லாபத்துல 78 சதவீதம் வரியாவே போயிடும், அரசாங்கத்துக்கு நேரடி பங்கும் இருக்கு, அந்தப் பணம் 1990ல சட்டம் போட்டு உருவாக்கின ஃபண்டுல சேருது, அதுல வருஷத்துக்கு சுமார் 3 சதவீதம்தான் பட்ஜெட்டுக்கு எடுக்கலாம்னு ஒரு விதி வச்சிருக்காங்க. அமெரிக்காவுல டெக்சாஸ் மாதிரி இடத்துல நிலத்துக்கு அடியில இருக்கற எண்ணெய் மேல உரிமையே தனியார்கிட்ட இருக்கலாம், ராயல்டி, அதாவது எண்ணெய் எடுக்க விட்டதுக்கான பங்கு, அவங்களுக்கு, லாபம் ஷேர்ஹோல்டருக்கு. ஆனா அதே அமெரிக்காவுல அலாஸ்கா மாநிலம் 1976ல ஃபண்ட் வச்சு 1982ல இருந்து குடிமக்களுக்கு பணமாவே பங்கு குடுக்குது, அதனால ஒரு நாடு முழுக்க ஒரே மாடல்னு முடிவு கட்டிடாதீங்க.

உபரியை அளக்க ஜிடிபியை மட்டும் நம்பாதீங்க. 2015ல அயர்லாந்து ஜிடிபி ஒரே வருஷத்துல சுமார் 25 சதவீதம் ஏறிச்சு, பன்னாட்டு கம்பெனிங்க காப்புரிமை மாதிரி சொத்துகளை அங்க கணக்கு மாத்தினதுதான் பெரிய காரணம், மக்கள் கையில அவ்வளவு பணம் வரவே இல்ல.

அடுத்து கினி குறியீடு, அதாவது வருமானம் எவ்வளவு சமமில்லாம பிரிஞ்சிருக்குன்னு சொல்ற எண். வரிக்கு முன்னாடி ஒண்ணு, வரியும் உதவித்தொகையும் போட்டப்புறம் ஒண்ணு, ரெண்டையும் பக்கத்துல வச்சு பாத்தா அரசாங்கம் எவ்வளவு மாத்துதுன்னு தெரிஞ்சிடும்.

நிறைய பேர் சறுக்குற இடம் சொத்துதான். ஸ்வீடன்ல வருமான இடைவெளி குறைவு, ஆனா சொத்து இடைவெளி ஐரோப்பாவுலயே ரொம்ப அதிகமான நாடுகள்ல அதுவும் ஒண்ணு! வாரிசு வரியை 2004லயும், ஒருத்தரோட மொத்த சொத்து மேல போடுற வரியை 2007லயும் எடுத்துட்டாங்க, அதோட அரசு பென்ஷன் கிடைக்கும்ங்கறதால சாதாரண குடும்பம் பெருசா சேர்த்து வைக்க வேண்டிய அவசியமும் குறைவு, அந்த பென்ஷன் உரிமை பொதுவா சொத்துக் கணக்குல வராது. நார்வே ஃபண்டும் அப்படித்தான், எந்த வீட்டு கணக்குலயும் இருக்காது. அதனால தனிநபர் சொத்துக்கு பக்கத்துல பொதுச்சொத்துக்கும் பென்ஷனுக்கும் அட்டவணையில தனித்தனி கட்டம் கண்டிப்பா போடுங்க, இல்லன்னா கணக்கு பொய் சொல்லும்.

டேட்டா எடுக்கும்போது ஒரு நாட்டுக்கு உலக சமத்துவமின்மை தரவுத்தளம், இன்னொண்ணுக்கு ஓஇசிடி (பெரும்பாலும் பணக்கார நாடுகளோட அமைப்பு) தரவுன்னு கலக்காதீங்க, முதலாவது பெரும்பாலும் வயது வந்த ஒரு ஆளுக்கு கணக்கு போடுது, ரெண்டாவது, ஒரு குடும்பத்தோட வருமானத்தை ஆள் எண்ணிக்கைக்கு ஏத்த மாதிரி சரிபண்ணி போடுது.