நேரலையில் வினாடி வினா நடத்துகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

போன வாரம் ஒரு குடியிருப்பு விழாவில் பையன்கள் சிலர் வினாடி வினா நடத்தினார்கள். அரங்கில் இருப்பவர்களும் யூடியூப் நேரலையில் பார்ப்பவர்களும் செல்போனில் விடையை அழுத்த வேண்டும். ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகள், ஒன்று விடாமல். சார்ஜர், மைக் பேட்டரி எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். மற்றதைச் சொல்கிறேன்.

நேரலைத் தாமதத்தை மறப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். மேடையில் கேட்ட கேள்வி வீட்டில் இருப்பவருக்கு அதே நொடியில் போய்ச் சேராது. நேரலை வீடியோ சிறு துண்டுகளாகத்தான் போகிறது. இப்படித் துண்டு துண்டாக அனுப்பும் ஹெச்எல்எஸ் (HLS) என்ற முறையில் ஆப்பிள் பரிந்துரைக்கும் துண்டின் நீளம் 6 நொடி. பிளேயர் பொதுவாக மூன்று துண்டு பின்தங்கித்தான் ஓடத் தொடங்கும். அதிலேயே 18 நொடி போய்விடுகிறது.

என் முதல் பொங்கல் போட்டியில் கேள்விக்கு 15 நொடி கொடுத்தேன். வீட்டில் கேள்வி தெரிவதற்குள் இங்கே விடையையே சொல்லிவிட்டோம். மூன்று பரிசும் அரங்கில் இருந்தவர்களுக்கு. கால் முறிந்து வீட்டில் படுத்திருந்த ஒரு பெரியவர் போனில் கூப்பிட்டு, "தம்பி, நான் அழுத்துறதுக்கு முன்னாடியே நேரம் முடிஞ்சிடுச்சுன்னு வருதுப்பா" என்றார். மறு வாரம் புதிதாகப் பரிசு வாங்கி, வீட்டில் இருந்தவர்களுக்கென்று தனியாக இன்னொரு போட்டி வைத்தோம். செலவு இரட்டிப்பு. அவர் அதில் சேரவில்லை.

சரி, என்ன செய்யலாம்? முதலில் தாமதத்தை அளந்து பாருங்கள். ஒரு போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டுக் கேமராவுக்குக் காட்டுங்கள். மொபைல் டேட்டாவில் நேரலை ஓடும் இன்னொரு போனை அதன் பக்கத்தில் வைத்து இரண்டையும் ஒரே படமாக எடுங்கள். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் தாமதம். யூடியூபில் அதைக் குறைக்க வழி உண்டு. ரொம்பக் குறைத்தால் வீடியோ நின்று நின்று சுற்றும்.

அதனால் விடை அழுத்தும் பக்கத்திலேயே கேள்வியும் வரட்டும். அவரவர் போனில் கேள்வி தோன்றிய நொடியிலிருந்து நேரம் ஓடட்டும். பாட்டைக் கேட்டுக் கண்டுபிடிக்கிற சுற்று வீடியோ வழியாகத்தான் போகும் என்றால், அளந்த தாமதத்தையும் சேர்த்த பிறகே நேரத்தை மூடுங்கள். அந்தச் சுற்றில் வேகத்துக்கு மதிப்பெண் வேண்டாம்.

மண்டபத்து வைஃபையை நம்புவது

வேண்டவே வேண்டாம். கூட்டம் அவரவர் டேட்டாவில் இருக்கட்டும். நேரலைக்குத் தனியாகக் கேபிள் இழுங்கள்.

சாட்டில் விடை வாங்குவது

ஒருவர் தட்டியதைப் பார்த்து அடுத்தவர் தட்டுவார்.

ஒத்திகையை இரண்டே போனில் முடிப்பது

குறைந்தது முப்பது பேரையாவது ஒரே நேரத்தில் அழுத்தச் சொல்லுங்கள். நான்கைந்து பேர் வேறு ஊரில் இருக்கட்டும்.