கணக்கு சரி, குழாய்தான் வேற

மார்த்தாண்டத்துல வீட்டுக்குப் பின்னாடி ஒத்தாள் விமானத்துக்கு ஸ்பார் குழாய் (இறக்கைக்குள்ள ஓடுற முக்கியத் தாங்கு குழாய்) டெஸ்ட் பண்ணேன், 50 மிமீ விட்டம், 1.5 மிமீ கனம், கடைல 6061-டி6ங்கிற அலுமினிய கிரேடுனுதான் தந்தாங்க. செக்‌ஷன் மாடுலஸ் (குழாயோட வடிவம் வளைவ எவ்வளவு தாங்கும்ங்கிற அளவு) 2690 கன மிமீ, ஈல்ட் (உலோகம் திரும்ப நிமிராம வளைய ஆரம்பிக்கிற அழுத்தம்) 276 எம்பிஏ, அப்போ 1 மீட்டர் நீட்டி வச்சா நுனியில 75 கிலோ தாங்கணும், ஆனா 45 கிலோ மணல் வச்சு எடுத்ததும் குழாய் நிமிரவே இல்ல.

மூணு நாள் போச்சு. உள்விட்டத்துக்கு கனத்த ரெண்டு தடவ கழிச்சேனான்னு பாத்தேன், வெர்னியர் வச்சு அளந்தேன், கிளாம்பையும் மாத்துனேன். 20 கிலோவுக்கு 14 மிமீ தொங்கணும், அச்சா அப்படியே தொங்குச்சு, அதுல தான் ஏமாந்தேன். எந்த அலுமினியமும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் வளையும், ஈல்ட் மட்டும்தான் மாறும். கையில இருந்தது ஜன்னலுக்குப் போடுற 6063, அதுக்கு ஈல்ட் கம்மி.

நீளவாக்குல கிரேடு அச்சடிச்ச குழாய் வாங்கி 60 கிலோ வச்சேன், எடுத்ததும் நேரா வந்துருச்சு. 276 சராசரிதான், இப்போ 240 வச்சே கணக்கு போடுறேன்.