பரணுக்குப் போகாத மாற்றங்கள்: வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றும் செய்முறை

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு தைப்பொங்கல் சமயத்தில், குப்பை குறைய, சாப்பாடு நல்லதாக வீட்டுப் பழக்கங்களை ஒரேயடியாக மாற்றிவிடுவது என்று கிளம்பினேன். செம்புக் குடம், மூங்கில் பிரஷ், பூந்திக்கொட்டைப் பொடி, ஐந்து வகைச் சிறுதானியம், மண்சட்டி நான்கு. கையில் இருந்த சீட்டுப் பணம் முழுக்க அதில் போனது. மாசி மகத்துக்குள் சாமையில் வண்டு விழுந்தது. பங்குனியில் மற்றதெல்லாம் பரணுக்குப் போனது. என் மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை; ஏணியை மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த தையில் மறுபடி தொடங்கினேன், இந்த முறை ஒன்றொன்றாக. மன்னார்குடிக்குப் பக்கத்தில் கிராமம். வீட்டில் நான், அவர், அத்தை, பிள்ளைகள் இரண்டு. ஒரு மாற்றம் பழகி, அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசாத நிலை வந்த பிறகுதான் அடுத்தது என்று வைத்துக்கொண்டேன். சிலவற்றுக்கு மூன்று வாரம் போதும். அரிசிக்கு நான்கு மாதம் ஆனது.

முதல் படி: குப்பையைக் கொட்டிப் பாருங்கள்

எதையும் வாங்காதீர்கள். ஒரு வாரக் குப்பையைத் தனியாகச் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் பழைய சாக்கை விரித்துக் கொட்டுங்கள். கையில் கவர் மாட்டிக்கொண்டு ஒரு குச்சியால் பிரியுங்கள். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எண்ணி எழுதுங்கள்.

எங்கள் வீட்டில் எடையில் பாதிக்கு மேல் காய்த்தோல், வாழைப்பழத் தோல், டீத்தூள் சக்கை, மீந்த சோறு. எண்ணிக்கையில் முதலிடம் பிள்ளைகளின் மிக்சர், சிப்ஸ் பாக்கெட்: 23. அடுத்தது பால் கவர்: 14, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அப்புறம் இட்லி மாவுக் கவர், ஷாம்பு பாக்கெட், மீன் வாங்கிய கறுப்புக் கவர். நான் அதுவரை மூங்கில் பிரஷ் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். பழைய பிரஷ் அந்தக் குவியலில் ஒன்றுகூட இல்லை.

இந்தத் தாளை வைத்துத்தான் எதை முதலில் தொடுவது என்று முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி கேளுங்கள். இது தினமும் நடக்கிற விஷயமா? இதை மாற்றினால் வேலை யார் தலையில் விழும்? இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. துணிப்பை, மண்சட்டி, சிறுதானியம் என்று ஆசைப்படுவது ஒருவர். துவைப்பது, தேய்ப்பது, ஊறவைப்பது இன்னொருவர் என்றால் அது மூன்று மாதம் தாண்டாது. என் முதல் முயற்சி அத்தையின் கையை நம்பி நான் போட்ட திட்டம். தோற்றதில் ஆச்சரியமே இல்லை.

இரண்டாம் படி: பை வண்டியில் இருக்கட்டும்

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் கவர்களுக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசே இயக்கம் தொடங்கியது. இருந்தும் மீன், பூ, சாம்பார் என்றால் கவர் வந்துவிடுகிறது. காரணம் பை இல்லாதது இல்லை. நம் பக்கத்துக் கல்யாணங்களில் வாங்கிய தாம்பூலப் பை மட்டும் எங்கள் பரணில் 31 இருந்தது. பை பரணில், நாம் கடையில். அவ்வளவுதான் சிக்கல்.

எனவே பையை வீட்டு ஆணியில் மாட்டாதீர்கள். வண்டி சீட்டுக்கு அடியில் இரண்டு, பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர் பையில் ஒன்று, கைப்பையில் மடித்து ஒன்று. யார் கொண்டுபோனாரோ அவரே காலி செய்து திரும்ப வண்டியில் வைக்க வேண்டும். துவைப்பதும் அவரே.

மீனுக்கும் கறிக்கும் மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு. தூக்கை நீட்டும்போதே "அண்ணே, முதல்ல காலி தூக்கை வச்சு ஜீரோ பண்ணிட்டுப் போடுங்க" என்று சொல்லிவிடுங்கள். எலக்ட்ரானிக் தராசில் ஒரு பட்டன்தான். முதல் தடவை கடைக்காரர் முறைத்தார். நாலாவது தடவை தானே கையை நீட்டித் தூக்கை வாங்கினார்.

மூன்றாம் படி: மக்கு பானை

இதில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் எல்லோரும் தவறு செய்வது இங்கேதான்.

எப்போது தொடங்குவது? பங்குனியில். வெயில் ஏறுகிறது, மழை இல்லை, ஆனி முடிவதற்குள் உரம் கையில் இருக்கும். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்தால், பாமணியாற்றில் தண்ணீர் வந்து வாய்க்கால் நனைந்து, ஆடிப்பட்டத்துக்கு மண் கொத்தும் நேரம் அது. நான் முதல் தடவை ஐப்பசியில் தொடங்கினேன். அடைமழை. பானைக்குள் தண்ணீர் இறங்கி, பக்கத்து வீட்டு அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து "உங்க வீட்ல எலி கிலி செத்துக் கெடக்கா?" என்று கேட்டார்.

தேவையானவை: மூடியுள்ள பழைய 20 லிட்டர் பெயின்ட் வாளி இரண்டு, அல்லது இரண்டு பெரிய மண்பானை. ஒன்று நிரம்பியதும் அதை மூடி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவதற்காகத்தான் இரண்டு. வாளியென்றால் சுற்றிலும் அடியிலும் 30 துளைகளாவது வேண்டும். வீட்டுக்கு எலக்ட்ரீஷியன் வரும்போது டிரில் போட்டு வாங்கிவிடுங்கள். இரண்டு செங்கல் மேல், தாழ்வாரத்து நிழலில் வையுங்கள்.

அடியில் நாலு விரல் உயரத்துக்குத் தேங்காய் நார். அதன் மேல் சருகு ஒரு கைப்பிடி. சாணம் ஒரு உருண்டையைக் கரைத்துத் தெளியுங்கள். சாணம் கிடைக்காதவர்கள் புளித்த மோர் ஒரு தம்ளர் ஊற்றலாம்.

அப்புறம் தினமும் ஒரே கணக்கு: காய்கழிவு ஒரு பங்கு, காய்ந்தது இரண்டு பங்கு. டெல்டாவில் காய்ந்ததுக்குப் பஞ்சமில்லை. நறுக்கிய வைக்கோல், வாழைச் சருகு, வேப்பஞ் சருகு எல்லாம் நல்லது. உமி சும்மா கிடைக்கிறதே என்று மில்லிலிருந்து மூட்டையாகத் தூக்கி வராதீர்கள். அதில் சிலிக்கா அதிகம், லேசில் மக்காது. வாழைத்தோல், பூசணித் துண்டு எதையும் விரல் நீளத்துக்கு நறுக்கிப் போடுங்கள். மீன் செதில், கறி, எலும்பு, எண்ணெய் மிதக்கும் குழம்பு, ஊறுகாய் வேண்டாம்.

வாரம் இரண்டு தடவை ஒரு கம்பால் கிளறி, ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் பதம் சரி. ஒழுகினால் காய்ந்தது போடுங்கள். உதிர்ந்துகொண்டு போனால் கழுநீர் தெளியுங்கள். நாற்றம் வந்தால் தண்ணீர் கூடிவிட்டது, காற்று போகவில்லை. சருகைப் போட்டுக் கிளறினால் இரண்டு நாளில் அடங்கும். கொழுத்த புழு தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது ஈரக் கழிவைத் தின்று தீர்க்கிற ஈப்புழு. என் சின்னவள் முதலில் அலறினாள், இப்போது பேர் வைக்கிறாள்.

இரண்டரை மாதத்தில் வாளி மூன்றில் ஒரு பங்காக இறங்கும். கறுத்து, உதிரியாக, முதல் மழை பெய்த மண் மாதிரி மணக்கும். வாழைத்தோல் இன்னும் அடையாளம் தெரிந்தால் இன்னும் 15 நாள்.

பானை வந்த பிறகு எங்கள் வீட்டில் தானாக நின்ற ஒரு பழக்கம் உண்டு. சாயங்காலம் சருகைக் கூட்டிக் கொளுத்துவது. சருகோடு கவரும் எரியும், அதுதான் வில்லங்கம்; பி.வி.சி. போன்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு வரும். இப்போது சருகுக்கு எங்கள் வீட்டில் கிராக்கி.

ஆடியில் இந்த உரத்தை நேரே பள்ளத்தில் கொட்டி விதைக்காதீர்கள். எங்கள் பக்கம் களிமண். ஐப்பசி மழையில் தண்ணீர் நின்று வேர் அழுகும். முழங்கை உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, உரத்தை மண்ணில் கலந்து, முதல் வருடம் வெண்டை, அவரை, தண்டுக்கீரை மட்டும் போதும். கத்தரி பூச்சியோடு மல்லுக்கட்ட வைக்கும், அது இரண்டாம் வருடத்துக்கு.

நான்காம் படி: அரிசி, தோசை வழியாக

நெல்லுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, கண்ணாடி மாதிரி தீட்டின அரிசியைத்தான் தின்கிறோம். தவிட்டோடு நார்ச்சத்தும் பி வைட்டமின்களும் போய்விடும். புழுங்கல் சாப்பிடும் வீடுகளுக்கு ஒரு சின்ன லாபம் உண்டு: நெல்லை அவிக்கும்போது தயமின் என்ற பி1 வைட்டமின் கொஞ்சம் அரிசிக்குள் இறங்கித் தங்குகிறது.

திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் வருடாவருடம் நடத்திய பாரம்பரிய நெல் திருவிழாவால், நூற்றுக்கு மேற்பட்ட பழைய ரகங்கள் மறுபடி வயலுக்கு வந்தன. அவர் 2018 டிசம்பரில் காலமானார். அவர் போன்றவர்களால்தான் இன்று சிவப்பரிசியான மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, கருப்புக் கவுனி எல்லாம் நம் ஊர்க் கடைகளிலேயே கேட்டால் கிடைக்கிறது.

கிடைக்கிறது என்பதற்காக நேரே சோறாக்கிவிடாதீர்கள். நான் ஆக்கினேன். மாப்பிள்ளைச் சம்பாவை ஊறவைக்காமல் பொன்னி கணக்குக்கு நாலு விசில் விட்டு இறக்கினேன். அவர் மென்றுகொண்டே இருந்தார். அத்தை "பல்லு இருக்கறவங்க சாப்பிடுங்க" என்று தட்டை நகர்த்திவிட்டார்.

சரியான வரிசை இது. முதல் மாதம் இட்லி மாவில்: நாலு தம்ளர் இட்லி அரிசியில் ஒரு தம்ளரைக் குறைத்து, அதற்குப் பதில் மாப்பிள்ளைச் சம்பா. தோசை நன்றாகச் சிவக்கும். பிள்ளைகள் "ஹோட்டல் தோசை" என்று கேட்டு வாங்கினார்கள். இரண்டாம் மாதம் ராத்திரிக் கஞ்சி. மூன்றாம் மாதம் தூயமல்லியோ கிச்சிலிச் சம்பாவோ, வெள்ளை ரகம், வாரம் ஒரு மதியம். அரைக்கும்போதே பாலிஷ் குறைவாகக் கேட்டு வாங்குங்கள். நான்காம் மாதம் சிவப்பரிசிச் சோறு: முதல் நாள் ராத்திரியே ஊறவைத்து, ஒன்றுக்கு மூன்றரை தண்ணீர், பொன்னியைவிட மூன்று விசில் கூடுதல். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், வண்டும் விழும். இரண்டு கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. சிவப்பாக இருந்தாலும் அதுவும் அரிசிதான், மாவுச்சத்துதான். அளவு கூடினால் சர்க்கரையும் கூடும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், மாத்திரையை நீங்களாக மாற்றாதீர்கள். எங்கள் வீட்டில் அரிசி ரகத்தை மாற்றியதைவிட அதிகம் உதவியது பரிமாறும் வரிசையை மாற்றியதுதான்: முதலில் கீரையும் பொரியலும், சோறு பிறகு. அவர் மூன்றாம் கரண்டி கேட்பது தானாக நின்றது.

ஐந்தாம் படி: உப்புப் பாக்கெட்டில் தேதி

ஐந்து நிமிட வேலை. பாக்கெட் பிரிக்கும் நாளைப் பேனாவால் அதன் மேலேயே எழுதுங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. ஐந்து பேர் என்றால் ஒரு கிலோ 40 நாளாவது வர வேண்டும். எங்கள் வீட்டில் 27 நாளில் தீர்ந்தது, அப்பளமும் ஊறுகாயும் கணக்கில் வராமலே. சோறு வடிக்கும்போது உப்புப் போடுவதை நிறுத்தினோம், மோரில் பாதியாக்கினோம். இப்போது 34. எண்ணெய் டின்னுக்கும் இதே தேதி வைத்தியம்தான்.

ஆறாம் படி: கரன்ட்

ஓடுகிற ஃபேனைக் கழற்றிப் புதிதாக வாங்க வேண்டாம். அதன் மோட்டார் காயில் எரிந்துபோன பிறகு, அதிக நேரம் ஓடும் அறைக்கு மட்டும், கரன்ட் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. மோட்டார் ஃபேன் போடுங்கள். பழையது சுமார் 75 வாட், இது 30 வாட். தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத ரீடிங்கில் 40 யூனிட் மிச்சம். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து வீடு துடைக்கலாம். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஏற்கெனவே வாழைக்குத்தான் போகும், டெல்டாக்காரர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பூந்திக்கொட்டை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். விட்டுவிட்டேன். பள்ளிக்கூடச் சட்டைக் காலரில் அழுக்குப் போகவில்லை, கையால் தேய்க்க வேண்டியிருந்தது. மண்சட்டியில் இரண்டு மட்டும் பரணிலிருந்து இறங்கின, மீன் குழம்புக்கு. அதுவும் அத்தை தானே கேட்டு இறக்கியது.

போன ஞாயிறு மறுபடி ஒரு வாரக் குப்பையைக் கொட்டி எண்ணினோம். மிக்சர் பாக்கெட் 23 இருந்தது 9 ஆகியிருக்கிறது. பால் கவர் இன்னும் அதே 14. தெருவில் மாடு வைத்திருப்பவரிடம் கேட்டிருக்கிறேன், தை பிறந்ததும் கன்று ஈனும், அப்போது ஒரு லிட்டர் தருகிறேன் என்றிருக்கிறார். அதுவரை கவரைக் கழுவிக் கொடியில் காயவைத்துப் பழைய பேப்பர் கடைக்குச் சேர்க்கிறோம். கழுவுவது பெரியவனின் வேலை.